ஒரு வண்டி வந்தால் நாலு கல் போச்சு

காரைக்குடியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். செட்டிநாடு பார்க்க வருகிறவர்களுக்கு வழக்கமான ரூட் ஒன்று உண்டு. காலையில் கானாடுகாத்தான், அப்புறம் ஆத்தங்குடி பெரிய வீடு, பக்கத்தில் தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் செய்யும் ஒரு பட்டறை, மதியம் சாப்பாடு. பட்டறைக்குப் பத்து நிமிஷம். பல வருஷம் அப்படித்தான் கூட்டிப் போனேன்.

ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு சதுரக் கண்ணாடி, சுற்றிலும் இரும்புச் சட்டம், உள்ளே பூப்போட்ட தகர அச்சு. வெள்ளை சிமெண்டில் ஆக்சைடு கரைத்த கலரை அறை அறையாகக் கரண்டியில் ஊற்றுவார்கள். பிறகு அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். கை லேசாக ஆடினாலும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். மேலே மணலும் சிமெண்டும் கலந்த பொடி, அதற்கும் மேலே ஈரக் கலவை. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம்தான் கல்லின் முகம். கண்ணாடி கழன்றால் பளபளவென்று இருக்கும். சூளையும் கிடையாது, பாலிஷ் மெஷினும் கிடையாது.

ஒருநாள் என் வண்டியில் வந்தவர்களில் ஒருவர் வீடியோவுக்காக, “அச்சைத் தூக்காதீங்க, அப்படியே பிடிங்க” என்றார். கல் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணனும் பிடித்தார். கலர் இறுகி அச்சோடு பிய்ந்து வந்தது. சிரித்துக்கொண்டே வழித்துப் போட்டார். அவர்கள் வண்டியில் ஏறிய பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “தம்பி, எனக்குக் கல்லுக்கு இவ்வளவுன்னுதான் கூலி. நீ ஒரு வண்டி கொண்டாந்தா எனக்கு நாலு கல் போச்சு.”

சுருக்கென்றது. எனக்கு வாடகை, பெரிய வீட்டுக்கு டிக்கெட், ஓட்டலுக்கு ரூம் காசு. அவருக்கு மட்டும் நஷ்டம். பனை ஓலைக் கொட்டான் வாங்கலாம், 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய கண்டாங்கிச் சேலையை மடித்துப் பெட்டியில் வைக்கலாம். கல்லை யார் விமானத்தில் தூக்கிப் போவார்கள்? எங்கள் ஊர்கள் 2014லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருப்பதை வண்டியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வருவேன். அந்தப் பெருமையில் அண்ணனுக்குக் காலணா இல்லை.

இப்போது மாற்றிவிட்டேன். நாலு பேருக்கு மேல் கூட்டிப் போவதில்லை. இரண்டு மணி நேரம், ஆளுக்கு 300 ரூபாய், நேராக அண்ணன் கையில். ஆளுக்கொரு கல் ஊற்றியும் பார்க்கலாம். பட்டறைக்காரரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கடைசியில், “எனக்கு ஒண்ணும் வேணாம், வீடு கட்டுறவங்க வந்தா கூட்டிட்டு வா” என்றார். “சும்மா பார்க்கிறதுக்கு எதுக்குப் பணம்?” என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குப் பழைய ரூட்தான், பட்டறை மட்டும் கிடையாது.

பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. இந்த வழியில் வந்த கல் ஆர்டர் இதுவரை ஒன்றே ஒன்று. அண்ணனின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், திரும்பி வருகிற மாதிரி தெரியவில்லை.

விருந்தாளிகள் ஊற்றிய கோணல் கற்களை யாரும் எடுத்துப் போவதில்லை. அண்ணன் அவற்றை என் டிக்கியில் ஏற்றிவிடுகிறார். எங்கள் கொல்லையில் துணி துவைக்கிற இடத்தில் பதித்திருக்கிறேன், இதுவரை முப்பத்தொன்று. (வீட்டுக்குள் கடை டைல்ஸ்தான். கட்டும்போது எனக்குப் புத்தி அவ்வளவுதான்.) துவைக்கும்போதெல்லாம் என் மனைவி ஏதாவது ஒரு கல்லைக் காட்டி, “இந்தச் சிவப்பு வழிஞ்சது எந்த ஊர்க்காரங்க?” என்று கேட்பாள்.