பிள்ளையார் பிடிக்க ஜிபிஎஸ் ஆன கதை

எங்கள் வீட்டு லேப்டாப் 2017-ல் வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க். பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்க் காபி போட்டு, குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால் அப்போதுதான் பாஸ்வேர்டு கேட்கும். அதிலேயே ஓட்டிக்கொண்டிருந்தோம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுபோனது, பதினொன்றுக்கு ஏறலாம் என்று பார்த்தால் எட்டாம் தலைமுறை பிராசசர் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்று ஜாதகப் பொருத்தம் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டது. எங்கள் லேப்டாப்புக்குப் பத்தில் ரெண்டு பொருத்தம்கூட இல்லை. கடைக்காரரிடம் கேட்டேன். “புதுசு ஒண்ணு போட்ருங்க சார்” என்றார், புதுச் செருப்பு வாங்கச் சொல்கிற சுலபத்தில்.

அக்கா பையன் சென்னையில் இன்ஜினியரிங் படிக்கிறான். அவன்தான், “மாமா, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போடுங்க, காசே கிடையாது” என்றான். காசே கிடையாது என்ற சொல் காதில் விழுந்த பிறகு எனக்கு வேறெதுவும் கேட்பதில்லை.

லினக்ஸ் எங்கள் குடும்பத்துக்குப் புதுசும் இல்லை. இவன் அக்காவுக்கு அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பிலேயே விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸ் என்று ஒன்று இருந்தது. சி-டாக் என்கிற மத்திய அரசு நிறுவனத்தில் செய்த நம்ம நாட்டுச் சரக்கு. ஒருநாள்கூட அதைத் திறந்து பார்க்காமல், இடத்தை அடைக்கிறது என்று நான்தான் அழித்துக் கொடுத்தேன். அந்தப் பாவம்தான் சுற்றி வந்தது என்று நினைக்கிறேன்.

முதலில் பென் டிரைவ். மின்ட் 22.2 இறக்கிக்கொண்டேன், 3 ஜிபிக்குக் கொஞ்சம் குறைச்சல். இதற்கு ஸாரா என்று பெயர். மின்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் பெண் பெயர்தான் வைப்பார்களாம், அதுவும் ஆ என்று முடிகிற பெயராக. (இதை வீட்டில் சொல்லியிருக்க வேண்டாம். “ராத்திரி பதினோரு மணிக்கு ஸாராவோட என்ன வேலை” என்று மனைவி இன்றைக்கும் கேட்கிறாள்.) அதைப் பென் டிரைவில் எழுதுகிற மென்பொருள், ஏற்கெனவே உள்ளதெல்லாம் அழியும், சம்மதமா என்று கேட்டது. மேசை டிராயரில் கிடந்த பென் டிரைவில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது, சம்மதம் என்றேன். அதில் இருந்தது காரில் கேட்பதற்காக என் மனைவி நாலு வருஷமாகச் சேர்த்து, வரிசைப்படுத்தி, மழைக்குத் தனி மலையேற்றத்துக்குத் தனி என்று ஃபோல்டர் போட்டு வைத்திருந்த பாட்டுகள். இது எனக்கு மறுநாள் காலையில், கார் பைபாஸ் ஏறிய பிறகு தெரிந்தது. அந்தப் பயணத்தைப் பற்றி மேற்கொண்டு எழுதுவதாக இல்லை.

நிறுவுவது நான் பயந்த அளவுக்கு இல்லை. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் உள்ளே இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸைத் தொடாமல் பக்கத்தில் குடிவைப்பது ஒரு வழி, வட்டை மொத்தமாகத் துடைத்துவிட்டுப் போடுவது இன்னொரு வழி, ரெண்டும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். முதலாவதில் அமுக்கும்போது என் விரல் ஆடிய ஆட்டம் தாலி கட்டும்போதுகூட ஆடவில்லை.

முடிந்து, அழகாகத் திரை வந்தது. வைஃபை மட்டும் வரவில்லை. டிரைவர் மேனேஜரைத் திறந்தால், உங்கள் வைஃபை சில்லுக்கு டிரைவர் (அதை ஓட்டுகிற மென்பொருள்) தயார், இணையத்தில் இணைந்தவுடன் போட்டுவிடலாம் என்கிற மாதிரி சொன்னது. வைஃபை வேண்டுமென்றால் டிரைவர், டிரைவர் வேண்டுமென்றால் இணையம், இணையம் வேண்டுமென்றால் வைஃபை. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். அரை மணி நேரம் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மருமகன் போனில், “மாமா, சார்ஜர் வயர்ல போனைச் சொருகி யூஎஸ்பி டெதரிங் போடுங்க, போன் நெட்டு லேப்டாப்புக்கு வந்துடும்” என்றான். போட்டேன், மூணே நிமிஷத்தில் வந்துவிட்டது. பிரின்டரில்தான் தகராறு வரும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையையே ஒதுக்கி வைத்திருந்தேன். சொருகினேன், அச்சடித்தது. ஏமாற்றமாகவே இருந்தது.

உண்மையான பரீட்சை அப்பா. வயசு 74. லேப்டாப்பில் அவருக்கு ரெண்டே வேலை: சாலிடர் என்கிற சீட்டாட்டம் ஆடுவது, எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு நோட்டீஸ் அடிப்பது. “உன் பெங்குவின் பக்கம் நான் வரமாட்டேன், எனக்குப் பழையதே போதும்” என்று (லினக்ஸின் சின்னம் பெங்குவின்) முதல் நாளே சொல்லிவிட்டு விண்டோஸிலேயே ஆடிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ராத்திரி எட்டு மணி இருக்கும், சாப்பிடக் கூப்பிட்டால் அசையவில்லை. “மணி மதியம் ரெண்டரைன்னு காட்டுதேடா, அதுக்குள்ளயா?” ஜன்னலுக்கு வெளியே இருட்டு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார், ரெண்டரைதான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வைரஸ் என்றே நினைத்தேன். விஷயம் வேறே. கணினிக்குள் பேட்டரியில் ஓடுகிற ஒரு கடிகாரம் உண்டு. விண்டோஸ் அதில் நம்மூர் நேரத்தை அப்படியே எழுதி வைக்கும். லினக்ஸோ உலகப் பொதுநேரத்தை எழுதிவிட்டு, காட்டும்போது நமக்காக ஐந்தரை மணி கூட்டிக் காட்டும். இவர் எழுதியதை அவர் படித்தால் ஐந்தரை மணி நேரம் காணாமல் போகும். ஒரே வீட்டில் ரெண்டு மருமகள்கள் ஒரே பால்கணக்கு நோட்டில் எழுதுகிற மாதிரி. நீயும் நம்மூர் நேரத்தையே எழுது என்று லினக்ஸுக்கு ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும், கொடுத்தேன். அது குளிர்கால லண்டன் நேரம் என்று தெரிந்ததில் அப்பாவுக்கு ஒரு பெருமை. “ரெண்டு மணி நேரம் லண்டன்ல இருந்துட்டு வந்தேன்” என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் சங்கடஹர சதுர்த்தி நோட்டீஸ். அன்றைக்குப் பார்த்து விண்டோஸ் சுற்றிக்கொண்டே இருக்கிறது, திறக்கிறபாடாக இல்லை. வேறு வழியில்லாமல் பெங்குவின் பக்கம் வந்தார். போன மாத நோட்டீஸை, வேர்டு மாதிரி லினக்ஸில் இருக்கும் லிப்ரே ஆபீஸில் திறந்துகொடுத்தேன். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கிறது.

“தமிழைக் காணோமேடா.”

“இருப்பா, பார்க்கிறேன்.”

“தலைப்புல பிள்ளையார்னு இருக்கணும். ஜிபிஎஸ்னு இருக்கு.”

நான் குனிந்து பார்த்தேன். நிஜமாகவே ஜி, பி, எஸ், பிறகு ஒரு அரைப்புள்ளி. இந்தப் பன்னிரண்டு வருஷ நோட்டீஸும் பாமினியில் அடித்தவை. பாமினி என்பது யூனிகோடு என்கிற பொது எழுத்துக் குறியீட்டுக்கு முந்தைய காலத்து ஏற்பாடு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்த எழுத்துரு. ஜி அடித்தால் ப, பி அடித்தால் கொக்கி, எஸ் அடித்தால் ள, அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. எழுத்துரு இருக்கிறவரை அது ‘பிள்’. எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனால் வேஷம் கலைந்து ஜிபிஎஸ் ஆகிவிடும். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது பழைய கதை.

மருந்து வட்டின் அடுத்த பக்கத்திலேயே இருந்தது. விண்டோஸ் திறக்காவிட்டாலும் அதன் ஃபோல்டர்களை லினக்ஸிலிருந்தே திறந்து பார்க்க முடிகிறது (இது எனக்கு அதிசயமாக இருந்தது, வாசற்கதவு பூட்டிய வீட்டில் கொல்லைப்புறமாகப் போய்ச் சாமான் எடுக்கிற மாதிரி). பாமினி கோப்பை எடுத்து வந்து இங்கே நிறுவினேன், லிப்ரே ஆபீஸை மூடித் திறந்தேன், பிள்ளையார் வந்துவிட்டார். அப்பா தட்டச்சும் அதே விரல், அதே விசை, ஒன்றும் மாறவில்லை. ஆனால் ஒரு பக்க நோட்டீஸ் ரெண்டு பக்கமாகியிருந்தது. வரி இடைவெளி எங்கேயோ ஒரு நூல் கூடி, கடைசி வரி மட்டும் தனியாகப் போய் ரெண்டாம் பக்கத்தின் உச்சியில் நின்றது: ‘அனைவரும் வருக.’

“வரவேற்கிறதைப் பின்பக்கம் போட்டா எவன்டா வருவான்?”

அபிஷேக நேரத்துக்கு மேலே இருந்த இடைவெளியைக் கொஞ்சம் சுருக்கி அவரே அந்த வரியை மேலே இழுத்துக்கொண்டார். எங்கே, எப்படிச் சுருக்கினார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, கேட்டால் சொல்லவும் மாட்டேன் என்கிறார்.

பாக்கி சாலிடர்தான். சாப்ட்வேர் மேனேஜரில் ஐல்ரியாட் என்று ஒன்று கிடைத்தது. அதற்குள் 80-க்கும் மேற்பட்ட சீட்டாட்டங்கள். அவருடையது அதில் க்ளோண்டைக் என்ற பெயரில் இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுத்தால், அதை விட்டுவிட்டு முதல் ஆட்டத்திலிருந்து வரிசையாக ஒவ்வொன்றாக ஆடி வருகிறார். பாதிக்கு விதியே தெரியாது. “தெரிஞ்சா என்ன சுவாரசியம்” என்கிறார். இப்போது இருபத்திரண்டாவதில் இருக்கிறார். விண்டோஸ் பக்கம் போய் ஒரு மாதமாகிறது, லேப்டாப் திறக்கிற நேரத்துக்குள் எனக்குக் காபி போடத்தான் முடிகிறது, டம்ளர் கழுவ முடிவதில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் அவர்கள் வீட்டுப் பழைய லேப்டாப்பை அணைத்துக்கொண்டு வந்து நின்றார், பதினொன்று ஏறமாட்டேன் என்கிறதாம். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா ஈசிசேரிலிருந்து குரல் கொடுத்தார்.

“லேப்டாப்பை அங்க வைங்க. வீட்டுக்குப் போய் ஒரு பென் டிரைவ் எடுத்துட்டு வாங்க. பாட்டு இல்லாததா பார்த்து எடுங்க.”

உள்ளே அடுக்களையில் பாத்திரம் ஒன்று சத்தமாக விழுந்தது.