ஒரே குளம், இரண்டு காலைகள்: பயணத்தின் நடுவே ஒரு இயற்கைப் புகைப்படப் பயிற்சி

நீண்ட பயணம் ஒன்றின் நடுவே ஒரு சனி ஞாயிறை இயற்கைப் புகைப்படப் பயிற்சி முகாமுக்கு ஒதுக்கினேன். ஊர் சுற்றும்போது படம் எடுப்பது போகிற போக்கில் நடக்கும் வேலை. வண்டி நிற்கும், இறங்குவோம், எடுப்போம், கிளம்புவோம். முகாமில் இரண்டு நாளும் ஒரே குளம், ஒரே கரை. அப்படித் தங்கியதில்தான் என் படங்கள் மாறின. கேமராவின் எண்கள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கருவிகள் அதிகமில்லை. ஏபிஎஸ்-சி சென்சார் (முழுச்சட்ட சென்சாரைவிடச் சிறியது) கேமரா ஒன்று, 100-400 மிமீ லென்ஸ், சிறு உயிர்களை மிக அருகில் எடுக்க 90 மிமீ மேக்ரோ லென்ஸ். சென்சாரின் 1.5 மடங்குக் கணக்கில் 400 மிமீ என்பது 600 மிமீ லென்ஸின் பார்வைக் கோணத்தைத் தருகிறது. நீர்ப்பறவைகளுக்கு அது தாராளம். ட்ரைபாடுக்குப் பதில் காலியான பீன்பேக் துணியை மடித்து வைத்துக்கொண்டேன். போய்ச் சேர்ந்த இடத்தில் ஏதாவது தானியம் வாங்கி நிரப்பலாம், கிளம்பும்போது கொட்டிக் காலி செய்யலாம். பயணத்துக்கு இதைவிட நல்ல தாங்கி கிடையாது. விமானத்தில் போகிறவர்கள் உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது. கருவிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு மா. கிருஷ்ணன் (1912–1996) நினைவுக்கு வருவார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தானே பொருத்தி உருவாக்கிய கேமராவில் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர் அவர்.

சனிக்கிழமை காலை முழுக்க ஒரு வெள்ளைக் கொக்கோடு கழிந்தது. பயிற்சியாளர் அதை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருந்தார். கேமராவின் ஒளிமானி தான் பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக எடுத்துக்கொள்கிறது. படச்சட்டத்தின் பெரும்பகுதி கரும்பச்சைத் தண்ணீராக இருந்து, நடுவில் சின்னதாகக் கொக்கு நின்றால், மானி அந்த இருட்டைப் பார்த்துப் படம் முழுவதையும் வெளிச்சமாக்கிவிடும். இறகுகள் வெளுத்து ஒரே திட்டாகிவிடும். மானி கணக்கிடும் ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை −1க்கும், வெயில் ஏறியதும் −1.7க்கும் இறக்கியபோது கழுத்து இறகுகளின் மெல்லிய கோடுகள் தெரிந்தன. அதே கொக்கு நெருங்கி வந்து சட்டத்தை நிறைத்தபோது கணக்குத் தலைகீழாகி, +1 தேவைப்பட்டது. ஒரே பறவை, ஒரே வெயில், ஆனால் எதிரெதிர்த் திருத்தம்.

அப்போதுதான் மேனுவல் முறை ஏன் என்பது எனக்கு முழுதாக விளங்கியது. கொக்கு இருண்ட நாணலுக்கு முன்னால் நின்றாலும், மினுங்கும் தண்ணீருக்கு முன்னால் நின்றாலும், அதன்மேல் விழும் வெயில் ஒன்றுதான். ஷட்டர் (ஒளி விழும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) மூன்றையும் அந்த வெயிலுக்கு ஏற்ப ஒருமுறை பூட்டிவிட்டால், மேகம் மறைக்கும்வரை தொட வேண்டியதில்லை. வெளுத்துப்போன இடங்களைத் திரையில் மினுக்கிக் காட்டும் எச்சரிக்கையை இயக்கி வைத்து, கொக்கின் முதுகில் அது வராத அளவுக்கு ஒளியைக் குறைத்தால் போதும். வருடக்கணக்காக எழுத்தில் படித்திருந்ததை ஒரு கொக்கு ஒரே காலையில் புரியவைத்தது.

பின்னணிப் பாடம் சனி மாலை. ஈரமண்ணில் விரிப்பைப் போட்டுக் குப்புறப் படுத்தோம். நின்றபடி எடுத்தால், கேமரா கீழ்நோக்கிச் சாய்ந்து, பறவைக்கு ஒரு சாண் பின்னால் இருக்கும் சேறே பின்னணியாகிறது. படுத்துக்கொண்டு பறவையின் கண்மட்டத்துக்கு வந்தால், பின்னணி எதிர்க்கரைக்குப் போய்விடுகிறது. பறவைக்கும் பின்னணிக்கும் இடையே தூரம் கூடக் கூட, அதே எஃப்/6.3 அப்பர்ச்சரில் பின்புறம் இன்னும் குழைவாக மங்குகிறது. விலை உயர்ந்த லென்ஸ் தரும் என்று நான் நினைத்திருந்த தோற்றத்தில் பாதியை இந்த ஒரு அசைவே தந்துவிட்டது. முதலில் பின்னணியைப் பார், பிறகு பறவை அங்கே வரட்டும் என்பது பயிற்சியாளரின் முறை. ஒரே இடத்தில் உட்காருகிறவர்களுக்கே அது வாய்க்கும்.

ஞாயிறு விடிகாலையில் மேக்ரோ. ஊசித்தட்டான்கள் பனித்துளிகளோடு புல்நுனியில் ஒட்டியிருந்தன. வெயில் ஏறி உடம்பு சூடாகும்வரை அவற்றால் பறக்க முடியாது என்பதால் அந்த நேரம். உண்மை அளவு (1:1) உருப்பெருக்கத்தில் எஃப்/8 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனால் அப்பர்ச்சரைச் சுருக்கிக்கொண்டே போவதைவிட, தட்டானின் உடலும் சென்சாரும் இணையாக இருக்கும்படி கேமராவைத் திருப்புவதுதான் பலன் தந்தது. தலையிலிருந்து வால்நுனிவரை கூர்மையாக வந்த ஒரு படம் கிடைத்தபோது அடைந்த மகிழ்ச்சியை இங்கே பதிந்து வைக்கிறேன். எஃப்/16க்கு மேல், சிறுத்த துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் மொத்தப் படமும் மென்மையாகிவிடுவதையும் அங்கேயே பெரிதாக்கிப் பார்த்தோம்.

வெயில் ஏறியதும் மறைவுக்கூடாரம். தரை சூடாகிக் காற்று அலையத் தொடங்கிவிட்டதால், எட்டத்துப் படங்கள் எந்த லென்ஸிலும் கூர்மையாக வரவில்லை. அந்த ஓய்வில், இங்கிலாந்தின் இயற்கைப் புகைப்படக்காரர்களான கீர்ட்டன் சகோதரர்களின் கதையைக் கேட்டோம். ரிச்சர்டும் செர்ரியும் 1900இல் உள்ளே பொள்ளலான ஒரு போலி எருதைச் செய்து, அதற்குள் ஒளிந்து பறவைகளைப் படம் எடுத்தவர்கள்.

ஒழுக்கம் பற்றிய பகுதிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கூட்டுக்கு அருகே போகாதே, கிளையை ஒடித்து வழி செய்யாதே, இனப்பெருக்கக் காலத்தில் பதிவுசெய்த குரலை ஒலிக்காதே என்பவை தெரிந்தவைதான். புதிதாகக் கற்றது பறவையின் உடம்பைப் படிப்பது. "கழுத்தைப் பாருங்க. மேயறதை நிறுத்தி நிமிர்ந்துட்டா, நாம கிட்ட வந்துட்டோம்னு அர்த்தம்" என்றார் பயிற்சியாளர். பறவை செய்துகொண்டிருந்த வேலையை நம்மால் நிறுத்தினால் அங்கேயே நிற்க வேண்டும், அல்லது பின்வாங்க வேண்டும். அரிய பறவையின் படத்தைப் பகிரும்போது இருப்பிடத் தகவலை நீக்கச் சொன்னதும் முக்கியம். பயணிகளான நாம் ஓரிடத்துக்கு ஒருமுறைதான் வருகிறோம், அதனாலேயே இன்னும் ஒரு அடி முன்னால் வைக்கத் தூண்டப்படுகிறோம். அந்த ஒரு அடிக்கான விலையைக் கொடுப்பது அங்கேயே வாழும் பறவை.

மதியம் படத்தேர்வு. ஒவ்வொருவரும் ஐந்து படம் மட்டும் காட்டலாம். இந்தக் கட்டுப்பாடு நல்லது. வரிசையாகப் பார்த்தபோது கூர்மை குறைந்த ஒரு முக்குளிப்பான் படத்தை எல்லோரும் பாராட்டினார்கள், அதன் சிறகடிப்பில் தெறித்த தண்ணீருக்காக. எனக்கும் அது சரி என்றே பட்டது.

முகாம் முடிந்து பயணம் தொடர்ந்தது. அடுத்த இடத்தில் பார்க்க வேண்டியவை என்று குறித்து வைத்திருந்ததில் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டு, ஒரு ஆற்று வளைவில் மட்டும் உட்கார்ந்தேன். கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, பிறகு பாயும். ஷட்டர் 1/3200 நொடி, தானியங்கி ஐஎஸ்ஓவுக்கு 6400 உச்சவரம்பு. ஐஎஸ்ஓ கூடிப் படத்தில் புள்ளித்துகள் விழுந்தால் பிறகு கணினியில் ஓரளவு சுத்தம் செய்யலாம், அசைந்து கலங்கிய கண்ணை மீட்க முடியாது. மிதந்து நிற்கும் படங்கள் கண்ணில் ஒளிப்புள்ளியோடு நன்றாக வந்தன. பாய்ச்சல் இன்னும் வசப்படவில்லை, 400 மிமீயின் குறுகிய சட்டத்திலிருந்து பறவை நொடியில் வெளியேறிவிடுகிறது. அடுத்து 250 மிமீக்குக் குறைத்து, பறவையைச் சட்டத்தின் மேல்விளிம்பில் வைத்து, கீழே அது விழுவதற்கு இடம் விட்டு எடுத்துப் பார்க்கப் போகிறேன்.