பெயர் சொல்லாத களம்

2024 பெப்ரவரி 10

அருவி வெட்டு முடிந்தது. மெஷின் இறங்கியதால் மத்தியானத்துக்குள் வயல் வெறுமையாகிவிட்டது. சாக்குகளை உரக்க எண்ணிக்கொண்டிருந்தேன். வரம்பில் நின்ற பெரியப்பா பதறிப்போனார். "எண்ணாதே பிள்ளை. பொலி என்று சொல்."

மாடு கட்டிச் சூடு மிதித்த காலத்தில், களத்துக்குள் கால் வைத்ததும் பேச்சே மாறிவிடுமாம். நெல் பொலியாகும். மாடு வாரிக்காலன். வைக்கோல் கிளறும் கம்பு வேலைக்காரன். களத்தைச் சுற்றி நிற்கும் பூதங்களுக்கு ஊர்ப்பேச்சு விளங்கும். நெல் என்று காதில் விழுந்தால் விளைச்சலைக் கொண்டுபோய்விடும். அதற்காகவே ஒரு தனிமொழி! வன்னியின் சொத்து இது. இருந்த இடத்திலேயே கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

பெப்ரவரி 12

பயந்ததையெல்லாம் பெயர் மாற்றியே அழைத்திருக்கிறோம். பெரியம்மைக்கு அம்மாள் என்று பெயர். வேப்பிலை கட்டி, வற்றாப்பளைக் கண்ணகிக்கு நேர்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். இலங்கையில் 1802இலேயே அம்மைப்பால் குத்தத் தொடங்கினார்கள். 1980இல் பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெயர் மட்டும் போகவில்லை. கொப்பளிப்பான் வந்தாலும் இங்கே "அம்மாள் வந்திருக்கிறா" என்பார்கள்.

பெப்ரவரி 17

கை இன்னும் நடுங்குகிறது. நேற்று இரவு வாய்க்கால் கரையில் சின்னம்மாவின் மகனைக் கடித்துவிட்டது. "பூச்சி கடித்துவிட்டது" என்றுதான் சின்னம்மா ஓடிவந்தா. இரவில் பாம்பு என்று சொல்லக் கூடாதே! ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னா. குளவியாக்கும் என்று வாங்கில் இருத்திவிட்டார்கள். அரை மணித்தியாலம் போனது. பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்தது.

பெரியப்பா எழுந்து நின்று, வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "பாம்பு! புடையன் பாம்பு!"

அதன் பிறகு எல்லோரும் ஓடினார்கள். கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்தார்கள். உறையவில்லை. புடையனின் விஷம் இரத்தம் உறைவதைக் கெடுத்துவிடும். நாகம், கட்டுவிரியன், புடையன், சுருட்டை நான்குக்கும் ஒரே மருந்துதான். அதை ஏற்றினார்கள்.

களத்தில் அவ்வளவு அழகாக இருந்த வழக்கம், அந்த வாங்கில் ஒரு பிள்ளையின் உயிரோடு விளையாடியது. பார்த்துக்கொண்டிருந்த நானும் வாய் திறக்கவில்லை.

பெப்ரவரி 20

இரத்தம் உறைகிறது. தம்பி கஞ்சி குடித்தான். யார் கேட்டாலும் சின்னம்மா இப்போது "பாம்பு" என்றே சொல்கிறா.

பின்னேரம் லொறி வந்தது. பெரியப்பா சாக்கைத் தொட்டுத் தூக்கிவிட்டார்: "பொலி... பொலி..." நானும் எண்ணவில்லை.