ஓயாமல் கணக்குப் போடும் லேப்டாப்: 97 டிகிரியிலிருந்து 64-க்கு

நாள் 1

சும்மா கிடந்த பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்து பாயின்க் நிறுவினேன்; அறிவியல் திட்டங்கள் அனுப்பும் கணக்கு வேலைகளை வீட்டுக் கணினியில் ஓடவிடும் மென்பொருள் அது. நான்கு கோர், எட்டு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலைகள் ஓடும். வேற்றுக்கிரக உயிர்களின் சிக்னலைத் தேடிய செட்டி அட் ஹோம் ஸ்க்ரீன்சேவரில் வண்ண வண்ணக் கோபுரங்களாக வரைபடம் எழுவதை வாய்பிளந்து பார்த்த தலைமுறை நான். 1999 மே மாதம் தொடங்கிய அந்தத் திட்டம் 2020 மார்ச் 31-ஓடு வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. அதனால் ஐன்ஸ்டைன் அட் ஹோமில் சேர்ந்தேன். ஈர்ப்பலைகளையும், வேகமாகச் சுழன்று துடிப்புத் துடிப்பாகக் கதிர் வீசும் பல்சர் நட்சத்திரங்களையும் தேடுகிற திட்டம். 2010-இல் அதில் சிக்கிய முதல் பல்சரைப் பிடித்துக் கொடுத்ததே தன்னார்வலர்களின் கணினிகள்தான். நம் வீட்டு மேசையிலிருந்தும் ஒன்று சிக்காதா என்ற நப்பாசை.

எட்டு வேலைகளும் ஓடத் தொடங்கி நான்கு நிமிடம் ஆகவில்லை, ஃபேன் உச்ச ஸ்தாயிக்குப் போய்விட்டது. சென்சார் காட்டியது 97 டிகிரி. இந்தச் சிப்புக்கு வரம்பு 100. நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், எரிந்துபோகாது. ஆனால் வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸுக்கு ஏறுவதும் 2.4-க்கு விழுவதுமாக ரம்பப் பல் போல ஆடிக்கொண்டிருந்தது. விசைப்பலகையின் மேல்வரிசையில் விரல் வைக்க முடியவில்லை.

நாள் 3

இரவல் வாங்கிய கூலிங் பேட். ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் அதே 97. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தபோதுதான் பார்க்கும் இடமே தப்பு என்று உறைத்தது. சிப் வரம்பில் முட்டிக்கொண்டு நிற்கும்போது குளிர்ச்சியைக் கூட்டினால் டிகிரி இறங்காது. கிடைத்த இடத்தில் வேகத்தைத்தான் ஏற்றிக்கொள்ளும். சராசரி வேகத்தைப் பார்த்தேன்: 2.7 இருந்தது 2.8 ஆகியிருந்தது. பேடின் ஃபேனை நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் 2.8! ஆக வேலை செய்தது அந்த ஃபேன் இல்லை, அடியில் கிடைத்த இடைவெளி. பேடைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பின்பக்கம் இரண்டு ரப்பர் அழிப்பான்களை முட்டுக்கொடுத்தேன். இன்றுவரை அவைதான் தாங்குகின்றன.

மூடியைச் சாத்தி வைப்பதும் இந்த மாடலுக்கு ஆகாது. வெப்பக் காற்று கீல் பக்கமாகத்தான் வெளியேறுகிறது. சாத்தினால் மூக்கைப் பொத்தின மாதிரி. திரையை மட்டும் அணைத்துவிட்டு மூடியைத் திறந்தே விட்டிருக்கிறேன்.

நாள் 6

பாயின்க்கிலேயே கட்டுப்பாடு இருக்கிறதே என்று அமைப்புகளுக்குள் போனேன். அங்கே இரண்டு எண்கள் உண்டு. ஒன்று எத்தனை விழுக்காடு கோர்களைப் பயன்படுத்தலாம் என்பது. மற்றது எத்தனை விழுக்காடு நேரம் என்பது. முதலில் நேரத்தை 60 ஆக்கினேன். அது வேலையை மெதுவாக்குவதில்லை. சில நொடி முழு மூச்சில் ஓடவிட்டு, சில நொடி நிறுத்தி வைக்கிறது. வெப்பம் 72-க்கும் 92-க்கும் இடையே ஊஞ்சலாடியது. ஃபேன் அதைத் துரத்திக்கொண்டே ஏறி இறங்கியது. ஒரே சீராக இரைந்தால் காது பழகிவிடும்; இது தூக்கத்தில் குறட்டை விடுபவர் பக்கத்தில் படுத்த கதை.

நேரத்தை 100-க்கே கொண்டுபோய்விட்டு கோர்களைப் பாதியாக்கினேன். நாலு வேலைதான் ஓடுகிறது, 75 டிகிரியாவது வரும் என்று எதிர்பார்த்தால் 93! காரணம் டர்போ, இடம் கிடைத்தால் சிப் தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் வசதி. ஆள் குறைந்ததும் மீதி இருப்பவர்கள் இன்னும் வேகமாக ஓட ஆரம்பித்துவிட்டார்கள்.

நாள் 12

வேறு வழியில்லை, திறந்துவிட்டேன். பின்மூடியில் பதினோரு திருகாணிகள், நீளம் வேறு வேறு. ஒரு தாளில் லேப்டாப்பின் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டிக்கொண்டேன்.

ஃபேன் இறக்கைகள் ஓரளவு சுத்தமாகத்தான் இருந்தன. ஏமாற்றமாகப் போனது. ஆனால் ஃபேனின் மேல்தட்டைக் கழற்றியதும் விஷயம் புரிந்தது. ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே, சரியாக அந்த வாயின் அளவுக்கு, சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் கிழியாமல் முழுசாக வந்தது, கம்பளியில் வெட்டி எடுத்த துண்டு போல. வெளியிலிருந்து எத்தனை முறை ஊதினாலும் இது அசைந்திருக்காது. கெட்டியாக உள்ளே தள்ளப்பட்டுத் தகடுகளில் இன்னும் அழுத்தமாக அப்பிக்கொண்டிருக்கும். ஊதும்போது ஒரு பல்குச்சியால் இறக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் விசையில் கண்டபடி சுற்றினால் பேரிங் கெடும்.

மறுபடி மூடி ஓட்டினால் 91, வேகம் 3.2-இல் நிலையாக நின்றது. ஒரு தொகுப்பு, அதாவது எட்டு வேலைகள், 3 மணி 40 நிமிடம் எடுத்தது 3 மணி 10 நிமிடமாகக் குறைந்தது. மூன்று நாள் கழித்து, சிப்புக்கும் அதன் சூட்டை வாங்கும் உலோகமான ஹீட்சிங்குக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்டையும் மாற்றினேன். பழையது காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பட்டாணி அளவு புதுசு வைத்து, ஹீட்சிங்கில் பொறித்திருந்த 1, 2, 3, 4 வரிசைப்படி திருகாணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். 86.

நாள் 16

இவ்வளவு நாளும் உண்டான சூட்டை எப்படி வெளியேற்றுவது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். சூட்டையே குறைவாக உண்டாக்கினால்?

சிப் குடிக்கும் மின்சாரம் அதன் வேகத்தோடும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறுகிறது. வேகத்தைக் கூட்ட வோல்டேஜையும் கூட்டியாக வேண்டும். அதனால் உச்சியில் கிடைக்கும் கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் கொள்ளை விலை. டர்போ என்பதே அந்தக் கடைசிப் படிகள்தான். ஒரு பக்கத்தைத் திறக்க இரண்டு நொடி சிப்பை விரட்டினால் சரி. இரவும் பகலும் விரட்டுவது வேறு.

விண்டோஸ் என்றால் பவர் அமைப்பில் ப்ராசஸரின் உச்ச நிலையை 100-க்குப் பதில் 99 ஆக்கினால் பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ நின்றுவிடும். என்னுடையது லினக்ஸும் இன்டெல் சிப்பும் என்பதால் நோ டர்போ என்ற கோப்பில் 1 என்று எழுதினால் போதும்.

எழுதிவிட்டு என்டர் தட்டினேன். ஃபேன் மூச்சு வாங்கி, இறங்கி, அரை நிமிடத்தில் அறைக் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. 2.3 கிகாஹெர்ட்ஸ், 64 டிகிரி.

சுவரில் மாட்டும் வாட் மீட்டரை நடுவில் செருகி இரண்டு விதமாகவும் முழுத் தொகுப்பு ஓட்டிப் பார்த்தேன். டர்போவோடு 68 வாட், 3 மணி 10 நிமிடம். டர்போ இல்லாமல் 36 வாட், 4 மணி 10 நிமிடம். கணக்குப் போட்டால் முதலாவது 215 வாட் மணி, இரண்டாவது 150. அதே எட்டு வேலைகள், மின்சாரம் முப்பது விழுக்காடு குறைவு. ஒரு நாளைக்கு 1.63 யூனிட் போனது 0.86 ஆனது. முடியும் வேலைகள் நாளைக்கு 60-லிருந்து 46-ஆகக் குறைந்தன. எனக்குச் சம்மதம், வேலைகளின் கெடு நாள்கணக்கில்தான் இருக்கிறது, ஒரு மணி நேரம் தாமதித்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. புரதங்களின் மடிப்பைக் கணக்கிடும் ஃபோல்டிங் அட் ஹோம் திட்டத்தை ஓட்டுபவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அங்கே சீக்கிரம் திருப்பிக் கொடுத்தால் போனஸ் புள்ளி உண்டு.

நாள் 33

வெளியூர் போய் மூன்று நாள் கழித்துத் திரும்பினால் கதவைத் திறக்கும்போதே ஃபேன் இரைச்சல். நான் இல்லாத நேரத்தில் அப்டேட் முடிந்து தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. கோப்பில் எழுதிய 1, பழையபடி 0. மூன்று நாளும் 86 டிகிரி. உடனே உட்கார்ந்து, பூட் ஆகும்போதே 1 எழுதிவிடும்படி ஒரு சர்வீஸ் அமைத்தேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

நாள் 71

டச்பேடின் இடது பக்கம் கிளிக் ஆகவில்லை. தூசி என்று நினைத்து ஊதினேன். இரண்டு நாள் கழித்து மேசைமேல் வைத்தால் லேப்டாப் லேசாக ஆடியது, கால் சமமில்லாத நாற்காலி மாதிரி. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. உடனே அணைத்துத் திறந்தால் பேட்டரி உப்பி, டச்பேடை அடியிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது.

சிப்பைப் பற்றியே கவலைப்பட்டு இதை மறந்துபோனேன். லித்தியம் பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு: சூடு, எப்போதும் முழு சார்ஜ். நான் இரண்டையும் சேர்த்து ஊட்டியிருக்கிறேன். அழுத்தாமல், நெம்பாமல் கழற்றி, குத்துப்படாமல் தனியாக வைத்து மின்கழிவு வாங்குபவர்களிடம் சேர்த்தேன். குப்பைத் தொட்டியில் போடுகிற பொருள் இல்லை அது. உங்கள் பேட்டரி நன்றாக இருந்தால் சார்ஜ் 80-ஐத் தாண்டாமல் வரம்பு வையுங்கள். பல மாடல்களில் பயாஸிலேயே, அதாவது கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளிலேயே, அந்த வசதி இருக்கிறது.

இப்போது அடாப்டரில் மட்டும் ஓடுகிறது. சில லேப்டாப்கள் பேட்டரி இல்லையென்றால் வேகத்தை இழுத்துப் பிடிக்கும். நல்ல வேளை, இது அப்படியில்லை. மின்சாரம் போனால் பொட்டென்று அணையும். ஆனாலும் வேலைகள் அவ்வப்போது நடந்த வரைக்கும் சேமித்துக்கொள்வதால் போவது கொஞ்ச நிமிடங்கள்தான்.

நாள் 118

அண்டர்வோல்ட் செய்து, அதாவது அதே வேகத்துக்குச் சிப்பின் வோல்டேஜைக் குறைத்து, இன்னும் நாலு டிகிரி இறக்கலாம் என்று ஆசை. முடியவில்லை. 2019 டிசம்பரில், வோல்டேஜை மாற்றித் தாக்க வழிவிடும் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானதும் பல லேப்டாப்களில் பயாஸ் அப்டேட் வழியாக அந்தக் கதவைப் பூட்டிவிட்டார்கள். என்னுடையதும் பூட்டியது. பழைய பயாஸுக்கு இறக்கிப் பார்க்கும் துணிச்சல் இல்லை.

நாள் 164

சூடு 66-67. இரண்டு மூன்று டிகிரி ஏறியதற்கு லேப்டாப்பைக் குறை சொல்ல முடியாது. அறை வெப்பம் ஏறியிருக்கிறது, அறையில் ஒன்று ஏறினால் சிப்பிலும் ஏறக்குறைய ஒன்று ஏறும். ஆனால் காலையில் ஃபேன் பக்கம் காதை வைத்தால் மெல்லிய கிர்ர்ர். பேரிங் தேய ஆரம்பித்திருக்கிறது. அதே மாடலுக்கான மாற்று ஃபேன் வந்துவிட்டது. நாளை காலை கையிலிருக்கும் தொகுப்பு முடிந்ததும் திறக்கப் போகிறேன். அந்தத் திருகாணிப் படத்தைத் தேடி எடுத்து வைத்தாயிற்று.