மாடியில் மாவாட்ட, கீழே நான் ஆடிய கதை

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடித் தளம் தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் சாய்வாகக் குத்தி அடுக்கிய சின்னச் செங்கல், அதற்கும் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும். கீழே நாங்கள், மேலே அண்ணன் குடும்பம். பிள்ளை பிறந்த பிறகுதான் கவனித்தேன், காலை 5 மணிக்கு அண்ணி கிரைண்டர் போட்டால் எங்கள் தொட்டில் சங்கிலி கிணுகிணுக்கிறது.

பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். "உங்க வீட்டு சீரியல் வசனம் மொத்தமும் எனக்கு மனப்பாடம் தம்பி, நான் ஏதாவது சொன்னேனா?" என்றார் அண்ணி. பேச்சு அத்தோடு முடிந்தது.

அப்புறம்தான் ஃபால்ஸ் சீலிங் ஆசை. முதலில் வந்தவர் தெர்மாகோல் ஒட்டலாம் என்றார். தெர்மாகோலுக்கு எடையே கிடையாது, அது சத்தத்தை எங்கே நிறுத்தும்? அவரை அனுப்பிவிட்டேன். அந்தப் புத்திசாலித்தனம் அடுத்தவரிடம் வேலை செய்யவில்லை. ஜிப்சம் போர்டு, உள்ளே 50 மி.மீ. ராக்வூல் என்ற கல்லிழைப் பஞ்சு, சதுர அடிக்கு 140 ரூபாய். "சுத்தமா கட் ஆயிடும் சார்." 12க்கு 14 அறைக்கு 23,500 சொச்சம் ஆனது. ஐந்து நாள் தூசி.

ஆறாம் நாள் காலை 5 மணி. கிணுகிணு.

ஒரு வாரம் கழித்து இட்லி மாவோடு அண்ணி இறங்கி வந்தார். "இப்பல்லாம் உங்க டிவி சத்தமே கேட்கறதில்ல தம்பி, நிம்மதியா இருக்கு." செலவு என்னுடையது, நிம்மதி மாடிக்கு!

யோசித்தால் காரணம் எளிதுதான். டிவி, பேச்சு எல்லாம் காற்றில் வரும் சத்தம், அதை ராக்வூலும் போர்டும் ஓரளவு மடக்கிவிடும். கிரைண்டரும் நாற்காலி இழுப்பதும் தரையையே உதறுகின்றன. அந்த அதிர்வு கட்டை வழியே இறங்கிச் சுவரிலும் பரவிவிடும். போதாக்குறைக்கு, ஆள் சீலிங் கம்பிச் சட்டத்தை நேராகத் தேக்குக் கட்டையிலேயே திருகியிருந்தார். ஃபேன் கொக்கிக்கு விட்ட ஓட்டையில் கைவிட்டு, கிரைண்டர் ஓடும்போது சட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன். விரல் நுனியில் தேனீக்கூடு. சட்டத்தை ரப்பரோ ஸ்பிரிங்கோ வைத்த தொங்கிகளில் மாட்டச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் போட்டால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

கடைசியில் கைகொடுத்தது அரிசிச் சாக்கு. ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் கிரைண்டரைத் தூக்கி, நான்காக மடித்த சாக்கின்மேல் வைத்தோம். நான் கீழே ஓடிவந்து போனில், "போடு!" என்றேன். "போட்டு அரை நிமிஷம் ஆச்சுடா" என்றான். சங்கிலி அசையவில்லை. காசு செலவழிக்கும் முன் இந்தச் சாக்குச் சோதனையைச் செய்திருந்தால் 23,500 மிஞ்சியிருக்கும்.

சாக்கு நிரந்தரமாகாது, கிரைண்டர் நகர்ந்துகொண்டே போகும். பாரிமுனையில் தடித்த ரப்பர் ஷீட் வாங்கி நான்கு காலுக்கும் இரண்டடுக்காக வைத்தோம். நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டு. அது ஆறு மாதத்தில் தேய்ந்து விழும், உபரி வாங்கி வையுங்கள். பிள்ளைகள் ஓடும் கூடத்தில் ரப்பர் விரிப்பு, அதன்மேல் தேங்காய் நார்ப் பாய். எல்லாம் சேர்த்து 4,800. அண்ணிக்குக் கால் வலி குறைந்ததாம், அதனால் பாயைச் சுருட்டி வைக்கும் பேச்சே இல்லை.

நடுவில் ஒருவர், மாடித் தரையில் கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டினால் சத்தம் அடங்கும் என்றார். பழைய கட்டைமேல் அந்தப் பாரத்தை ஏற்றாதீர்கள். சீலிங்கில் திறந்து பார்க்க ஒரு கதவும் விடச் சொல்லுங்கள். மூடிய பிறகு கரையானோ மழைக்கசிவோ வந்தால் வெளியே தெரியாது. எனக்கு இருப்பது அந்த ஃபேன் ஓட்டை மட்டும்தான், மாதம் ஒருமுறை டார்ச்சோடு ஸ்டூலில் ஏறுகிறேன்.

எவர்சில்வர் டம்ளர் விழுந்தால் மட்டும் இன்னும் கேட்கிறது.