ஊசி பிடித்ததா என்று ரத்தம் சொல்லுமா?

அணைக்கட்டுப் பக்கம் மாடு வைத்திருக்கும் என் அக்கா, ஆறு மாதக் கிடேரிக் கன்றுக்குக் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி போட்ட மறுமாதம், "இராணிப்பேட்டையில 1932லேர்ந்து கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இருக்குதே, ரத்தம் எடுத்துக் குடுத்தா ஊசி பிடிச்சுதான்னு சொல்லிடுவாங்களா?" என்று கேட்டார். கோமாரி ஊசி என்றால் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதத்தை அளந்து பார்க்கலாம், அந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு. இந்த நோய்க்கு அது பொருந்தாது.

சினை மாட்டின் கருவைக் கலைத்துக் கன்று வீச்சு நோயை உண்டாக்கும் புரூசெல்லா அபார்ட்டஸ் என்னும் நுண்ணுயிரி, தன்னை விழுங்கிக் கொல்ல வந்த வெள்ளையணுவுக்குள்ளேயே குடியேறிப் பெருகுகிறது. ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்புப் புரதம் அங்கே நுழைய முடியாது. டி செல்கள் என்னும் வேறு வகை வெள்ளையணுக்கள் இன்டர்பெரான் காமா என்னும் தூண்டு புரதத்தைச் சுரந்து அந்த வெள்ளையணுவைத் தூண்டினால்தான் உள்ளிருக்கும் கிருமி மடியும்.

நம் ஊரில் போடுவது எஸ்19 என்னும் உயிருள்ள தடுப்பூசி. 1923இல் ஒரு ஜெர்சிப் பசுவின் பாலிலிருந்து பிரித்தெடுத்த கிருமி, ஆய்வகத்தில் ஓராண்டுக்கு மேல் கவனிப்பாரின்றிக் கிடந்து வீரியம் இழந்ததால் கிடைத்தது அது (மறதியும் சில நேரம் மருந்தாகிறது). நல்ல பாதுகாப்புத் தருவதுதான். ஆனால் அது உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தையும் நோயுற்ற மாட்டின் எதிர்ப்புப் புரதத்தையும் இந்த நோயைக் கண்டறியச் செய்யும் ரோஸ் பெங்கால் ரத்தச் சோதனை பிரித்தறியாது. நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிகளுக்கு மட்டும் ஒரே முறை போடுவதற்கு இது ஒரு காரணம். சினை மாட்டுக்குப் போட்டால் கரு கலையக்கூடும் என்பது இன்னொன்று. கன்று வளர வளர அந்தப் புரதம் பெரும்பாலும் வடிந்துவிடும், காப்பு நிற்கும். அமெரிக்கா 1996இல் ஏற்ற ஆர்பி51 என்னும் இன்னொரு உயிருள்ள தடுப்பூசி, சோதனையைக் குழப்புவதில்லை. ஆனால் அதில் இருப்பது, மனிதருக்கு இந்த நோய் வந்தால் கொடுக்கும் ரிபாம்பிசின் மருந்துக்கு அடங்காத கிருமி என்பதால், ஊசி தவறி மருத்துவரின் கையில் குத்தினால் சிகிச்சை சிக்கலாகும்.

கிருமியின் ஓரிரு புரதங்களை மட்டும் கொண்ட புதிய தடுப்பூசிகளைப் பற்றிய கட்டுரைகளில், எதிர்ப்புப் புரதம் மளமளவென ஏறும் வரைபடமே பெரும்பாலும் முதலில் நிற்கும். நான் அதைத் தாண்டி இன்டர்பெரான் அளவைத்தான் தேடுவேன். அதுவும் நன்றாகவே இருந்தாலும், சோதனைச் சுண்டெலியின் மண்ணீரலில் கிருமி குறைந்தது என்பது சினைப்பசு கன்றை வீசாது என்பதற்குச் சான்றாகிவிடாது.

பொய்கை மாட்டுச் சந்தையில் நாளை விற்க நேர்ந்து, வாங்குபவர் சோதனை கேட்டால், ஊசி போட்ட தேதி தெரிய வேண்டும் என்று சொல்லி வைத்தேன். அக்கா அந்தச் சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் பூட்டிவிட்டார்.