இந்தோ-ஆரியப் பாடம்: ஏழு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு படித்தேன்

குடிமைப் பணித் தேர்வில் எனக்கு வரலாறுதான் விருப்பப் பாடம். எடுத்த எடுப்பிலேயே சறுக்கியது வேதகாலத்தில். பயிற்சி மையத்து மாதிரித் தேர்வில் 'ஆரிய இனம் இந்தியாவுக்குள் நுழைந்தது' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் நிரப்பியிருந்தேன். திருத்தியவர் 'இனம்' என்பதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் 'மொழி?' என்று மட்டும் எழுதியிருந்தார். இருபதுக்கு ஆறு.

முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தால் அவர் கேட்டது சரி. 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று பேசினாரே, அது மொழிகளைப் பற்றிய பேச்சு. மூக்கை அளந்து இனம் பிரித்த கூத்தெல்லாம் பின்னால் வந்தது.

அதிலிருந்து பெயர்ப் பட்டியல்களை நெட்டுருப் போடுவதை விட்டேன். ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொண்டேன்: ஏழு. சமஸ்கிருதத்தில் சப்த, பாலியில் சத்த, இந்தியில் சாத். 'ப்த' என்பது 'த்த' ஆகிறது, பிறகு ஒரு 'த்' உதிர்ந்து முன்னால் உள்ள உயிர் நீள்கிறது. ஹஸ்த, ஹத்த, ஹாத் (கை), கர்ம, கம்ம, காம் (வேலை) என்று பல சொற்களிலும் இதே தடம். பஞ்சாபி மட்டும் இரட்டித்த ஒலியை விடாமல் நடுப்படியிலேயே நிற்கிறது. சிங்களத்தில் ஸகரம் ஹகரமாகி 'ஹத' என்கிறார்கள். ஐரோப்பாவின் ரோமா மக்கள் பேசுவதும் இந்தோ-ஆரிய மொழிதான், அதாவது சமஸ்கிருதம், இந்தி இவற்றின் குடும்பம்தான். ஆனால் அவர்களின் ஏழு 'எஃப்தா', கிரேக்கத்திடம் வாங்கிய கடன். எந்த வழியாகப் போனார்கள் என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது. நாம் சொல்லும் 'சமணர்' கூட 'சிரமண' பிராகிருதத்தில் தேய்ந்து வந்த வடிவம்தான்.

அசோகர் கல்வெட்டையும் இப்படியே படியுங்கள். குஜராத்தின் கிர்நாரில் அவர் 'ராஜா'. ஒடிசாவின் தௌலியில் 'லாஜா'. கிழக்கத்திப் பேச்சில் ரகரம் லகரமாகிவிடும். வட்டார வழக்கு என்று பொதுவாக எழுதுவதைவிட இந்த ஒரு சொல்லை எழுதினால் விடை நிமிர்ந்து நிற்கும். காலத்துக்கு ஒரு சான்று வேண்டுமென்றால், துருக்கியில் கிடைத்த கி.மு. 14ஆம் நூற்றாண்டு மிட்டானி (வட சிரியாப் பக்கத்துப் பழைய அரசு) உடன்படிக்கையில் மித்ரன், வருணன், இந்திரன், நாசத்யர் என்ற வேதக் கடவுளரின் பெயர்கள் இருப்பதைச் சொல்லலாம்.

சமூகப் பகுதிக்கு மாட்டைப் பிடித்துக்கொண்டேன். ரிக் வேதத்தில் போருக்கு ஒரு பெயர் 'கவிஷ்டி', அதாவது மாடு தேடுதல். தலைவன் 'கோபன்', மாடு காப்பவன். வேறு விளக்கமே தேவையில்லை. நான்கு வருணங்களையும் ரிக் வேதம் முழுக்கப் பரப்பி எழுதிவிடாதீர்கள். நான்கும் சேர்ந்து வருவது பிற்பட்ட பத்தாம் மண்டலத்துப் புருஷ சூக்தத்தில் மட்டும். ரிக் வேதம் பாடும் பத்து அரசர் போரை 'ஆரியர் எதிர் தாசர்' (ஆரியரின் எதிரிகளாக அது சொல்லும் மக்கள்) என்று சுருக்குவதும் தப்பு. பரதர் குலத் தலைவன் சுதாஸை எதிர்த்த கூட்டத்தில் பூரு குலத்தாரும் இருந்தார்கள், அவர்களும் ஆரியர்தான்.

அடுத்த மாதிரித் தேர்வில் கிட்டத்தட்ட அதே கேள்வி. இந்தத் தடவை பன்னிரண்டு. வட்டம் மட்டும் இடம் மாறி, 'படையெடுப்பு' என்ற சொல்லைச் சுற்றியிருந்தது.